எதிரணிமேல் எறியப்படும் சாமி பெயர்

“சாமி பேரச் சொல்றதுல என்ன சார் தப்பு?”

தொலைக்காட்சி விவாதத்தில் இதைக் கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடலாம். மரக்காணம் கடைத்தெருவில், திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய்வரும் பையன்கள் கேட்கும்போது அப்படி விட முடியாது. அவர்கள் வம்புக்குக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்கிறார்கள். 2023 அக்டோபர் 14 அன்று இந்தியா-பாகிஸ்தான் கிரிக்கெட் ஆட்டத்தின்போது அகமதாபாத் மைதானத்தில் நடந்ததை எல்லோரும் கைப்பேசியில் பார்த்திருக்கிறார்கள். 49 ரன்னில் பும்ராவின் பந்தில் போல்டாகி, பாகிஸ்தானின் முகமது ரிஸ்வான் திரும்பி நடக்கிறார். அவர் படிக்கட்டை நெருங்கும்போது மேலிருந்து “ஜெய் ஸ்ரீராம்” என்ற கூச்சல் அவர் தலைமேல் விழுகிறது. அப்போது தமிழ்நாட்டின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் அதைக் கண்டித்தார். அதற்கு வந்த மறுப்புதான் இந்தக் கேள்வி. கண்டனத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மறுப்பு மட்டும் ஊர் ஊராகத் தங்கிவிட்டது. கல்லூரி அணிகள் மோதும் கபடிக் களத்துக்கும் வாலிபால் களத்துக்கும் அந்தக் கூச்சலைக் கொண்டுவர விரும்புகிறவர்களுக்கு இந்த ஒரு கேள்வியே உரிமைச் சீட்டாகிவிடும்.

விளையாட்டுக் களத்தில் சாமிக்கு இடமே கூடாது என்கிற கட்சி இல்லை நான். எங்கள் கடற்கரையில் கற்பூரம் ஏற்றாமல், தேங்காய் உடைக்காமல் ஒரு கபடிப் போட்டியும் தொடங்குவதில்லை. பாடிப் போகிற பையன் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். சிலுவைக் குறி போடுகிறவனும் உண்டு, இரண்டு கையை ஏந்தி துவா கேட்கிறவனும் உண்டு. இவற்றை அகற்றிவிட்டால் களம் சுத்தமாகிவிடும் என்று நினைப்பது, விளையாடுகிறவனின் பயத்தையும் நம்பிக்கையையும் அறியாதவர்களின் எண்ணம். கூச்சலும் வேண்டும். எதிரணியைக் கிண்டலடிக்காத ஊர்க் கூட்டம் இருந்தால் அந்த ஊரில் போட்டி பார்க்க நான் போகமாட்டேன். இந்தியா சிக்ஸர் அடித்தபோது மகிழ்ச்சியில் யாராவது ராமன் பெயரைச் சொல்லியிருந்தால் அதிலும் எனக்குப் புகார் இல்லை.

என் புகார் ஒன்றே ஒன்று. அது நெடுநாள் புகார். அந்தக் குரல் எந்தப் பக்கம் பார்த்து எழுகிறது என்பதுதான் அது.

மயிலத்தில் பங்குனி உத்திரத்தன்று மலையேறுகிறவர்கள் “அரோகரா” என்று சொல்லும்போது அது முருகனைப் பார்த்துச் சொல்வது. பக்கத்தில் நடக்கிறவன் யார், அவன் சாமி எது என்று அந்தக் குரலுக்குக் கவலையில்லை. மாசி மகத்தன்று இந்தக் கடற்கரை நெடுக ஊர்ச்சாமிகள் தீர்த்தவாரிக்கு வருகின்றன. “கோவிந்தா”வும் “அரோகரா”வும் ஒரே மணலில் கேட்கும். ஒன்றை அமுக்குவதற்காக இன்னொன்று எழுவதில்லை. தெற்கே சிதம்பரத்தை அடுத்த கிள்ளையில், தீர்த்தவாரிக்கு வரும் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாளுக்கு அங்குள்ள தர்காவின் சார்பில் மரியாதை செய்வது வழிவழியாக நடந்துவருகிறது. சாமி பெயரை உரக்கச் சொல்லத் தெரியாத மக்கள் அல்ல நாம். யாரை நோக்கிச் சொல்வது என்று நன்றாகவே தெரிந்த மக்கள்.

அகமதாபாத்தில் அந்தப் பெயரைச் சொன்னவர்கள் ராமனைப் பார்க்கவில்லை, ரிஸ்வானின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் முகம் சுருங்குகிறதா என்று காத்திருந்தார்கள். பக்தியில் இப்படி ஒரு காத்திருப்பு கிடையாது. சாமியைக் கும்பிடுகிறவன் பக்கத்திலிருப்பவனுக்கு வலித்ததா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே “பக்தியில் சொன்னார்கள்” என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அந்த இடத்தில் ராமனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒரு வசைச் சொல்லின் வேலை. அதைக் கொடுத்தவர்களே ராமனுக்காகப் பரிந்து பேசுவதை ஒரு பக்தன் எப்படிப் பொறுத்துக்கொள்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. இதில் முதலில் அவமதிக்கப்பட்டது ரிஸ்வான் அல்ல. யாருடைய பெயர் கல்லாக எடுக்கப்பட்டதோ அவர்தான்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. ரிஸ்வான் மட்டும் மைதானத்திலேயே தொழலாமா? இலங்கையை வென்ற ஆட்டத்தில் அடித்த சதத்தைக் காசா மக்களுக்குச் சமர்ப்பிக்கலாமா? அவர் மதத்தைக் களத்துக்குக் கொண்டுவந்தால் நாங்களும் கொண்டுவருவோம் என்கிறார்கள். சமர்ப்பணம் அரசியல், அதில் கருத்து வேறுபட யாருக்கும் உரிமை உண்டு. தொழுகை அப்படியல்ல. அது யார்மேலும் வீசப்படவில்லை. ஆனால் அதே தொழுகையை வீசுபொருளாக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 2021 அக்டோபரில் துபாயில் இந்தியாவைப் பாகிஸ்தான் தோற்கடித்த ஆட்டத்தின் நடுவே ரிஸ்வான் தொழுததை, இந்துக்களின் முன்னால் தொழுதார், அதுதான் தனக்குச் சிறப்பு என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசினார் வக்கார் யூனிஸ். பிறகு மன்னிப்புக் கேட்டார். ரிஸ்வான் தன் கடவுளைப் பார்த்துச் செய்ததை, வக்கார் நம்மைப் பார்த்துத் திருப்பிவிட்டார். செயல் மாறவில்லை, திசை மாறியது. திசை மாறியதும் அது அவமதிப்பாகிவிட்டது. வக்கார் பேசியது நமக்கு எரிந்தது அல்லவா? அந்த எரிச்சல் சரியென்றால் அகமதாபாத் தவறு. அகமதாபாத் சரியென்றால் வக்காரிடம் மன்னிப்பு எதிர்பார்த்திருக்கக் கூடாது.

மூன்றாவது வாதம்தான் எல்லோரும் ஒளிந்துகொள்ளும் இடம். கேலரி என்றால் அப்படித்தான், எல்லாவற்றையும் சொல்வார்கள், ஆட்டம் முடிந்தால் முடிந்தது. ஒரு வேறுபாட்டை இந்த வாதம் மறைத்துவிடுகிறது. “கேட்ச் விட்டவனே” என்று கத்தினால் அவன் அடுத்த கேட்சைப் பிடித்து நம் வாயை அடைக்கலாம். “உங்க ஊரு டீமு போன வருஷம் பத்துப் பாயின்ட்ல தோத்துச்சே” என்றால் இந்த வருடம் ஜெயித்துக் காட்டலாம். கிண்டலுக்கு ஆட்டத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது; அதனால்தான் அது ஆட்டத்தின் பகுதியாகிறது. ஒருவன் எந்த வீட்டில் பிறந்தான், யாரைக் கும்பிடுகிறான் என்று குத்தினால் அதற்கு எந்த ரன்னும் எந்தப் பாயின்ட்டும் பதிலாகாது. அவன் இரட்டைச் சதம் அடித்தாலும் ஆட்டம் முடியும்போது அதே மதத்துக்காரன்தான். கட்டிப்போட்டுவிட்டு அடிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. களத்தில் சமபலம் வேண்டும் என்று விதிப் புத்தகம் எழுதி, எடை பார்த்து, வயதுச் சான்றிதழ் கேட்கிற நாம், கேலரியிலிருந்து இந்த அநியாயத்தை அனுமதிக்கிறோம்.

இது நம் நாட்டு நோய் மட்டும் அல்ல. கல்லூரி விளையாட்டையே பெருந்தொழிலாக நடத்தும் அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் பிரிகம் யங் பல்கலைக்கழகம் மொர்மன் திருச்சபையின் சொந்த நிறுவனம். ஞாயிற்றுக்கிழமை அந்த அணி விளையாடாது. அதற்கேற்ப அட்டவணையை மாற்றிக் கொடுக்கிறார்கள். 2022 செப்டம்பரில் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், ஒரிகன் மாணவர் பகுதியிலிருந்து மொர்மன்களை மதத்தின் பெயர் சொல்லியே கெட்ட வார்த்தையால் வைது கோஷம் எழுந்தது. மறுநாள் ஒரிகன் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2025இல் கொலராடோவிலும் அதே போன்ற கூச்சல். இரு பல்கலைக்கழகங்களும் அங்கம் வகிக்கும் போட்டிக் கூட்டமைப்பு கொலராடோவுக்கு 50,000 டாலர் அபராதம் போட்டது. அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமையை மதிக்கத் தெரிந்த அமைப்பு, கேலரியில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காரர்களை மதிக்க வைக்க முடியாமல் திணறுகிறது.

அங்கே ஒரு சமாதானம் சொல்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் அடையாளமே மதம்தானே, கல்லூரியைக் கிண்டலடித்தால் மதத்தையும் தொடாமல் எப்படி என்று. நம் ஊருக்கு இது பொருந்துமா என்று பார்க்க வேண்டும்; நம்மிடமும் மதம் தாங்கிய பெயர்கள் ஏராளம். சென்னையில் லயோலா, கிறித்தவக் கல்லூரி, முஸ்லிம் கல்விச் சங்கம் தொடங்கிய நியூ காலேஜ், ராமகிருஷ்ண மிஷனின் விவேகானந்தா. ஆனால் இந்தக் கல்லூரிகளின் அணியில் பதினோரு பேரை நிறுத்திப் பெயர் கேளுங்கள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். லயோலாவை வெறுக்கிறேன் என்று ஏசுவைத் திட்டினால் அது அந்த அணியில் பந்து வீசும் முருக பக்தனுக்குச் சேராது; உங்கள் அணியிலேயே விக்கெட் காக்கும் கிறித்தவப் பையனுக்குத்தான் போய்ச் சேரும்.

யாழ்ப்பாணத்தை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே கல்லூரி என்றால் பள்ளி. மெதடிஸ்ட் மிஷன் தொடங்கிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் ஆங்கிலிகன் மிஷன் தொடங்கிய பரியோவான் கல்லூரிக்கும் 1904 முதல் கிரிக்கெட் பகை. வடக்கின் பெருஞ்சமர் என்று பெயரிட்டு, போர்க்காலத் தடைகளையும் தாண்டி இன்றுவரை ஆடுகிறார்கள். மூன்று நாள் ஆட்டம், பேண்டு வாத்தியம், கொடி கட்டிய வண்டி ஊர்வலம், வெளிநாட்டிலிருந்து இதற்கென்றே வந்திறங்கும் பழைய மாணவர்கள். சாந்தமான ஆட்டம் என்று சொல்ல வரவில்லை, கைகலப்பும் நடந்திருக்கிறது. ஆனால் மிஷன்கள் தொடங்கிய இந்த இரண்டு பள்ளிகளிலும் இந்து வீட்டுப் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள், ஆடுகிறார்கள், எதிரும் புதிருமாய் நின்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். பள்ளியின் பெயரும் போன வருடத் தோல்வியும் அந்தப் பகைக்குப் போதுமான தீனி. நூற்றாண்டைத் தாண்டிய பகையே மதத்தைத் துணைக்குக் கூப்பிடாமல் உயிரோடு இருக்கும்போது, நம் கல்லூரிப் போட்டிக்கு அது இல்லாவிட்டால் சுவை குறையும் என்பது வெற்றுப் பேச்சு.

இந்த வேறுபாட்டைக் காந்தி 1940இலேயே கண்டார். பம்பாயில் இந்துக்கள், பார்சிகள், முஸ்லிம்கள், ஐரோப்பியர்கள், மற்றவர்கள் என்று மதவாரியாக அணி பிரித்து ஆடிய பென்டாங்குலர் கிரிக்கெட் போட்டி பற்றி அவரிடம் கேட்க, இந்து ஜிம்கானாக்காரர்கள் வார்தாவுக்குப் போனார்கள். கல்லூரிகளுக்கும் நிறுவனங்களுக்கும் இடையே போட்டி நடப்பது தனக்குப் புரிகிறது, மதவாரி அணிகள் எதற்கு என்றுதான் புரியவில்லை என்பது அவர் பதிலின் சாரம். போட்டியை ஆதரித்தவர்கள், கூட்டம் நல்ல மனத்தோடுதான் பார்க்கிறது என்றார்கள். 1946 வரை நடத்தவும் செய்தார்கள். காந்தி புரிகிறது என்று விட்டுவைத்த அந்தக் கல்லூரிப் போட்டியைத்தான் இன்று கேலரி வழியாக மதவாரி அணிகளாக மாற்றப் பார்க்கிறார்கள்.

அகமதாபாத் கூச்சலை இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று பாபர் ஆசமை போல்டாக்கி ஆட்டத்தைத் திருப்பியவர் முகமது சிராஜ். நம் அணி. ரிஸ்வானை அவர் மதத்தால் குத்தும்போது, சிராஜின் காதுக்கு அது என்னவாகக் கேட்டிருக்கும் என்று அந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவராவது யோசித்தாரா? 2021இல் அதே துபாய் தோல்விக்குப் பிறகு முகமது ஷமியின் மதத்தைச் சொல்லி வைதவர்களுக்கும் இவர்களுக்கும் இடையில் சுவர் ஏதும் இல்லை. ஒரு நாள் எதிரணி முஸ்லிம், இன்னொரு நாள் நம் அணி முஸ்லிம். மறுபக்கத்திலும் இதே குருட்டுத்தனம் உண்டு. 2007 இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தோற்றபின், உலகமெங்கும் உள்ள முஸ்லிம்களின் ஆதரவுக்கு நன்றி சொன்னார் பாகிஸ்தான் அணித் தலைவர் ஷோயிப் மாலிக். அன்று அவர்களைத் தோற்கடித்து ஆட்ட நாயகன் விருது வாங்கியவர் இர்ஃபான் பதான். மதத்தை அணியாக எண்ணிவிட்டால், எதிரே நிற்கிற மனிதரைக்கூடக் கண் பார்க்காது.

இந்த இடத்தில் நம்மவர்கள் சேப்பாக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். 1999 ஜனவரி 31. சச்சின் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றது. சுற்றி வந்த பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டியது சென்னை. அந்தக் கைதட்டலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு “தமிழ்நாட்டில் அதெல்லாம் நடக்காது” என்று சொல்வதை ஏற்கவே மாட்டேன். ஒரு பிற்பகலின் பெருந்தன்மையைப் பரம்பரைச் சொத்தாக எழுதி வைத்துக்கொள்ள முடியாது. இதே தமிழ்நாட்டில்தான் பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படிப்பவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வண்ணக் கயிறுகளையும் அடையாளக் குறிகளையும் பள்ளியில் தடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. எங்கள் மரக்காணத்தைப் பற்றியே சொல்கிறேன். 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்தில் சாதிச் சங்கம் நடத்திய சித்திரை முழுநிலவு மாநாட்டுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி வண்டியாக இளைஞர்கள் போன நாளில், இங்கே மோதல் வெடித்தது. தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. உயிர்கள் போயின. யார் தொடங்கினார்கள் என்ற வாதம் இன்றும் தீரவில்லை. ஆனால் கூட்டமாய் எழுப்பும் கோஷம் காற்றோடு போய்விடும் என்று யாராவது சொன்னால் இந்த ஊரில் நம்ப மாட்டார்கள். உப்பளத்தில் ஒரே பாத்தியில் சேர்ந்து வேலை செய்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசிய காலம் அது. சாதியை வைத்துக் கூட்டம் திரளத் தெரிந்த ஊருக்கு, மதத்தை வைத்துத் திரளவும் ஒரு கேலரி போதும்.

இதற்குச் சட்டம் போடலாமா? ஸ்காட்லாந்து போட்டுப் பார்த்தது. கிளாஸ்கோவில் செல்டிக், ரேஞ்சர்ஸ் கால்பந்து அணிகளின் ரசிகர்கள் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று பிரிந்து பாடும் பகைப் பாடல்களை அடக்க 2012இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2018இல் அந்நாட்டு நாடாளுமன்றமே அதை நீக்கியது. நம் நாட்டில் கேலரியின் நாவுக்குச் சட்டம் வந்தால் அது யார்மேல் பாயும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2014 மார்ச்சில் ஆசியக் கோப்பை ஆட்டத்தில் இந்தியாவைப் பாகிஸ்தான் வென்றபோது கைதட்டினார்கள் என்று மீரட்டில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் காஷ்மீர் மாணவர்கள் 67 பேர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தேசத் துரோக வழக்கும் போட்டுப் பிறகு கைவிட்டார்கள். எதிரணிக்குக் கைதட்டினால் துரோகம், எதிரணிக்காரனின் மதத்தைக் குத்தினால் உற்சாகம். இந்த அளவுகோலை வைத்திருக்கிறவர்கள் கையில் இன்னொரு சட்டத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

வேலை செய்யும் வழி ஒன்றுதான் உண்டு. சொந்தக் கூட்டத்தைச் சொந்த ஆள் நிறுத்துவது. 2019இல் லண்டன் ஓவலில் ஸ்டீவ் ஸ்மித்தை இந்திய ரசிகர்கள் கேலி செய்தபோது, விராட் கோலி அவர்களைப் பார்த்துக் கையசைத்து, கைதட்டச் சொன்னார். 2023 அக்டோபர் 11 அன்று டெல்லியில், முன்பு கோலியோடு மோதியிருந்த ஆப்கானிஸ்தானின் நவீன் உல் ஹக்கைக் கூட்டம் சீண்டியபோதும் அதே கையசைப்பு; கூட்டம் அடங்கியது. மூன்று நாள் கழித்து அகமதாபாத்தில் அப்படி ஒரு கை எழவில்லை. தனிப்பட்ட சண்டையைத் தணிக்கத் துணிந்த அணி, சாமி பெயர் வந்ததும் தயங்கிவிட்டது. அந்தத் தயக்கம்தான் எனக்கு அந்தக் கூச்சலைவிட அதிகம் வலிக்கிறது. மரியாதை செய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. 2021 ஏப்ரலில் இங்கிலாந்தில் லெஸ்டர், கிரிஸ்டல் பேலஸ் அணிகள் மோதிய ஆட்டத்தின் நடுவே ரமலான் நோன்பு திறக்கும் நேரம் வந்தது. பேலஸ் கோல்கீப்பர் பந்தை உதைக்காமல் சற்று நிறுத்திவைத்தார். இரு அணியிலும் நோன்பிருந்த இருவர் கோட்டோரம் போய் வாய் நனைத்துத் திரும்பினார்கள். ஆட்டம் தொடர்ந்தது.

நம் கல்லூரிகளில் இதைச் செய்ய வேண்டியவர் உடற்கல்வி இயக்குநர். மைதானத்தில் கூட்டம் மதிக்கிற ஒரே பெரியவர் அவர்தான். கூவுகிறவனின் பெயரும் வகுப்பும் அவருக்குத் தெரியும். மைக்கைப் பிடித்து, இந்தக் கூச்சல் அடங்கும்வரை அடுத்த ரெய்டு கிடையாது என்று அவர் சொன்னால் போதும். மறுபடி எழுந்தால் உள்ளூர் அணிக்குப் பாயின்ட் குறையும் என்று போட்டி விதியிலேயே எழுதலாம். அப்புறம் கூவுகிறவனை அடக்க அவன் பக்கத்தில் இருப்பவனே எழுந்து நிற்பான். மோசமான தீர்ப்புக்காக நாற்காலி வீசியவர்களை அடக்கிய இயக்குநர்களை இந்தப் பகுதிக் களங்களில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் துணிவு குறைவில்லை. சாமி பெயரில் எழும் கூச்சலை மட்டும் அவர்கள் நிறுத்தாமல் விட்டால், அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். கூவுகிறவர்கள் எண்ணிக்கையில் அதிகம், கேட்டுக்கொண்டு நிற்கிறவன் தனியாள். தனியாளைக் காப்பதற்காகத்தான் களத்தில் நடுவர் என்று ஒருவரை நிறுத்துகிறோம்.